மத்திய வங்கியின் பேச்சும் சந்தையும்: தேர்வுக்கு நான் படித்த விதம்

இந்தத் தலைப்பில் கேள்வி வந்தால் பலரும் எழுதுவது ஒன்றுதான்: வட்டி ஏறினால் பங்கு விலை இறங்கும், குறைந்தால் ஏறும். அதற்குப் பெரிதாக மதிப்பெண் விழாது. வட்டி உயரப்போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால், அறிவிப்பதற்கு முன்னாலேயே அது விலையில் சேர்ந்துவிடும். சந்தை எதிர்பார்த்தது என்ன, காதில் விழுந்தது என்ன? இந்த வித்தியாசத்தைத்தான் விடையில் காட்ட வேண்டும்.

எனக்கு இது பிடிபட்டது 2013-ஐ வரிசையாகப் படித்தபோது. மே 22 அன்று அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் (ஃபெட்) அப்போதைய தலைவர் பெர்னான்கி, நீண்டகால வட்டியைத் தாழ்த்த அது செய்துவந்த பத்திரக் கொள்முதலை அடுத்த சில கூட்டங்களில் குறைக்கக்கூடும் என்றார். அவ்வளவுதான். மாதம் 8,500 கோடி டாலர் கொள்முதல் அப்படியே தொடர்ந்தது, வட்டியிலும் கைவைக்கவில்லை. ஆனாலும் மே தொடக்கத்தில் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்த பத்தாண்டு அமெரிக்க அரசுப் பத்திரத்தின் யீல்டு (அன்றைய விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் வீதம்), செப்டம்பர் தொடக்கத்தில் 3 சதவீதத்தை நெருங்கியது. இந்திய ரூபாய், பிரேசிலின் ரியால், துருக்கியின் லிரா எல்லாம் சரிந்தன.

செப்டம்பர் 18 கூட்டத்தில் குறைப்பு நிச்சயம் என்று பலரும் காத்திருந்தார்கள். ஃபெட் ஒன்றும் செய்யவில்லை. யீல்டு சட்டென்று இறங்கியது, அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 புதிய உச்சத்தில் முடிந்தது. டிசம்பர் 18-இல் நிஜமாகவே 1,000 கோடி டாலர் குறைத்தார்கள். அன்றும் பங்குகள் ஏறின! குறைப்போடு சேர்த்து, வேலையின்மை 6.5 சதவீதத்துக்குக் கீழே போன பிறகும் வெகுகாலம் வட்டி தாழ்ந்தே இருக்கும் என்று சொன்னதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மூன்று தேதிகளையும் அடுத்தடுத்து எழுதினாலே பாதி விடை முடிந்த மாதிரி.

யூரோவைக் காக்க என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்று ஐரோப்பிய மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் டிராகி 2012-இல் லண்டனில் பேசியதை எப்படியும் எல்லோரும் எழுதுவார்கள். நீங்களும் எழுதுங்கள், ஆனால் அதைத் தொடர்ந்து அறிவித்த பத்திரக் கொள்முதல் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவாகவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்கு, ஃபெட்டின் அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய சொற்களை மட்டும் கோடிடுங்கள். 2015 ஜனவரி, மார்ச் அறிக்கைகள் நல்ல ஜோடி. வட்டியை உயர்த்துவதில் ‘பொறுமையாக’ இருப்போம் என்ற சொல் மார்ச்சில் காணாமல் போனது. அதை மட்டும் பார்த்தால் யீல்டு ஏறியிருக்க வேண்டும். இறங்கியது. காரணம், வரும் ஆண்டுகளில் வட்டி எவ்வளவு இருக்கும் என்று ஃபெட் உறுப்பினர்கள் போட்டு அதே நாளில் வெளிவந்த மதிப்பீடுகள் கீழே வந்திருந்தன.

அப்புறம், கொஞ்சம் கடினமான பகுதி ஒன்று. எதிர்பாராத வட்டி உயர்வுக்குப் பங்குகளும் சேர்ந்து ஏறினால் குழம்ப வேண்டாம். பொருளாதாரம் நாம் நினைத்ததைவிட நன்றாக இருப்பது வங்கிக்குத் தெரிந்திருக்கிறது என்று சந்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். வரைபடம் கேட்டால், ஃபெட்டின் அறிக்கை வரும் பிற்பகல் 2 மணிக்கும் (வாஷிங்டன் நேரம்) செய்தியாளர் சந்திப்பு தொடங்கும் 2.30-க்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். சில நாட்களில் இரண்டுக்கும் விலை எதிரெதிர்த் திசையில் போயிருக்கும்.