வேலியோர முடக்கத்தான்

மழைக்குப் பின் வேலிகளில் படரும் முடக்கத்தானை அடையாளம் காண இலையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மூன்று பட்டைகளுடன் காற்றடைத்த பலூன் போல் உப்பியிருக்கும் அதன் காயே போதும். முற்றிக் காய்ந்த காயை உடைத்தால், மிளகளவுக் கறுப்பு விதை ஒவ்வொன்றிலும் வெண்ணிற இதய வடிவக் குறி தெளிவாகத் தெரியும். இவ்வளவு அழகான அடையாளம் வேறெந்த வேலிக்கொடிக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சித்த மருத்துவத்தில் மூட்டு வலிக்குப் பயன்படும் இவ்விலை சற்றுக் கசக்கும் என்பதால், ஊறவைத்த புழுங்கலரிசி, உளுந்து, சிறிது வெந்தயத்துடன் இரண்டு கைப்பிடி இலையையும் சேர்த்தரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிட்டுத் தோசையாக வார்த்தால், (காரச் சட்னியும் இருந்தால்) பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் உண்பார்கள். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். பூச்சிமருந்து தெளித்த வயலோரங்களில் பறிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.