எண்ணெய்க் கணக்கு

விருதுநகர்க்காரனுக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று மண்டியில் கேலி பேசினார்கள். நான் எண்ணெய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். ராத்திரி கடை அடைத்ததும் எண்ணெய்ப் புரோட்டா நாலு, சால்னாவில் ஊறப்போட்டு. இருபது வருஷப் பழக்கம்.

வலி வந்தபோது வாயு என்றுதான் நினைத்தேன். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்தும். சோடா, இஞ்சிச் சாறு, பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று. ஸ்கேனில் கல் தெரிந்தது. போன ஆவணியில் மதுரையில் லேப்ராஸ்கோப்பி செய்து, வயிற்றில் நாலு சின்னத் துளைகளோடு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கற்களை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். 11 கல். துவரம்பருப்பு அளவு, நயம் சரக்கு.

"பைதான் போயிருக்கு, பித்தம் போகலை" என்றார் டாக்டர். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. அதில் ஒரு 30, 50 மில்லியைச் சுண்டவைத்து வைத்திருந்து, கொழுப்பு வந்ததும் பிழிந்து விடுவதுதான் பையின் வேலை. இப்போது தொட்டி இல்லை, குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொட்டுகிற குழாயில் ஒரு துண்டை அலசலாம், நாலு வாளித் துணியை அலச முடியாது.

எனக்கு இது புரிந்தது மூன்றாவது வாரம், சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில். அதுவரை கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று ஒழுங்காக இருந்தவன், இலையைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். பருப்பில் நெய், வடை, அப்பளம், பாயசம் இரண்டு தடவை. அரை மணி நேரத்தில் மண்டபத்துக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெரியவரிடம் கெஞ்சியதை இங்கே எழுதப் போவதில்லை.

மறுநாள் ஒரு பழைய பேரேட்டை எடுத்தேன். இடப்பக்கம் சாப்பிட்டது, வலப்பக்கம் நடந்தது. இட்லி 3, பொடி, நல்லெண்ணெய் ஒரு கரண்டி: ஒன்றுமில்லை. அதே இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கிண்ணம் நிறைய: மதியம் வரை பொருமல். வெறும் வயிற்றில் காப்பி: ஓட்டம். இட்லிக்குப் பிறகு அதே காப்பி: சரி. விரால் குழம்பு, தோல் உரித்த கோழி: சரி. வெண்பொங்கல்: எழுதவே வேண்டாம். நார்ச்சத்து நல்லது என்று ஒரே நாளில் கீரையும் சுண்டலுமாகத் தின்றதும் தப்பு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டியிருந்தது. இது என் வயிற்றின் கணக்கு, உங்கள் பேரேடு வேறு மாதிரி இருக்கலாம்.

இரண்டு மாதம் எழுதியதில் தெரிந்தது, எண்ணெய் எனக்கு எதிரியே இல்லை. ஒரே வேளையில் மொத்தமாக வந்தால்தான் தகராறு. இப்போது மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துவிட்டேன். மண்டியில் பதினோரு மணிக்கு நான் டப்பாவைத் திறந்தால் பையன்கள் சிரிக்கிறார்கள்.

சிவகாசியிலிருந்து அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதந்தது. "ஒடம்பு தேறணும்ல, குடி தம்பி." மறுக்க முடியுமா? என் வீட்டம்மாதான் தூக்கை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். காலையில் கொழுப்பு மேலே ஆடையாக உறைந்திருந்தது. அதை வழித்து எறிந்துவிட்டு, அடியில் இருந்ததை மிளகு போட்டுச் சுடவைத்தாள். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நிற்காத வாந்தி, பழைய வலி திரும்புவது, இதில் எது வந்தாலும் சோடா வாங்கப் போகாமல் டாக்டரிடம் போங்கள். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நிற்காவிட்டாலும் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

போன சனிக்கிழமை, ஏழு மாதம் கழித்து, பழைய புரோட்டாக் கடைக்குப் போனேன். ஒன்று போதும் என்றதும் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேரேட்டில் அன்றைய வரி: எண்ணெய்ப் புரோட்டா 1, சால்னா மேலெண்ணெய் ஒதுக்கியது. ராத்திரி 12 வரை ஒன்றுமில்லை.