வருமானம் குறைவாக இருந்தால்தான் டாக்ஸ் ஃபைல் செய்ய வேண்டும்

அமெரிக்காவில் நம்மாட்கள் நாலு பேர் கூடி டாக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு, கம்பெனி கொடுத்த பங்குகள், வீட்டுக்கடன் வட்டி என்றுதான் போகும். "இந்த வருஷம் எவ்வளவு பிடுங்கிட்டான் தெரியுமா" என்று முடியும். அந்தப் பேச்சில் வராத ஆட்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஹோட்டல் சமையல்கட்டில் நிற்பவர்கள், கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், கணவரைப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு டேகேரில் வேலை செய்யும் பெண்கள், பகலில் கிடங்கிலும் மாலையில் ஊபரிலுமாக ஓடுபவர்கள். அவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "நமக்கு எதுக்கு டாக்ஸ் ஃபைலிங், நாம என்ன அவ்வளவா சம்பாதிக்கிறோம்?"

சம்பாதிக்கவில்லை என்பதால்தான் ஃபைல் செய்ய வேண்டும். சில வருடங்களாக ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை சனிக்கிழமைகளில் நான் ஒரு நூலகத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்து இலவசமாக டாக்ஸ் ஃபைல் செய்து கொடுக்கும் வேலையைச் செய்கிறேன். வீட்டா (VITA) என்று பெயர், அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் நடத்தும் தன்னார்வலர் திட்டம், ஐம்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி அறுபது வயது தாண்டியவர்களை முக்கியமாகப் பார்க்கும் டிசிஇ திட்டமும் உண்டு, ஏஏஆர்பி என்ற மூத்தவர்களுக்கான அமைப்பின் டாக்ஸ்-எய்டு மையங்கள் அதில்தான் வரும். இதைச் சொன்னால் நம்மூர் நண்பர்கள் "ஓ, சேரிட்டியா" என்கிறார்கள். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் வரி கட்டுகிறவர் ஒரு வரிசையில் நிற்பார், அரசு உதவி வாங்குகிறவர் வேறு வரிசையில் நிற்பார், ரேஷன் கடைக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே இரண்டும் ஒரே ஃபாரத்தில் இருக்கிறது. உழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் பெரிய தொகைகள் 1040 என்ற அந்த டாக்ஸ் ஃபாரம் வழியாகத்தான் வருகின்றன. குறைந்த சம்பளத்தில் உழைப்பவர்களுக்காக 1975-ல் கொண்டுவந்த ஈஐடிசி என்ற வரிச் சலுகை அப்படித்தான், குழந்தைகளுக்கான சைல்டு டாக்ஸ் கிரெடிட்டின் ஒரு பகுதியும் அப்படித்தான். நீங்கள் வரியாக ஒரு டாலர் கூடக் கட்ட வேண்டியதில்லை என்றாலும் அரசு உங்களுக்குப் பணம் அனுப்பும். ஆனால் கேட்டால்தான் அனுப்பும். கேட்பது என்றால் ஃபாரம் போடுவது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு சின்னக் குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாய், 2025-ல் சம்பளம் 22,000 டாலர், வேறு வருமானம் இல்லை, மூவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர் என்ற வகையில் அவருக்கு, வரி போடாமல் வருமானத்தில் கழித்துவிடும் 23,625 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, அதனால் ஃபெடரல் வருமான வரி பூஜ்யம். சட்டப்படி அவர் ஃபைல் செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சரி என்று வீட்டில் இருந்துவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. ஃபைல் செய்தால் ஈஐடிசி 7,152 டாலர், திரும்பக் கிடைக்கும் சைல்டு டாக்ஸ் கிரெடிட் 2,925 டாலர், ஆக 10,077 டாலர். சம்பளத்தில் ஃபெடரல் வரி ஏதாவது பிடித்திருந்தால் அதுவும் மேலே சேரும். ஒரு வருடச் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி! தகுதி இருந்தும் ஐந்தில் ஒருவர் இந்த ஈஐடிசியைக் கேட்பதில்லை என்று ஐஆர்எஸ்ஸே ஒவ்வொரு வருடமும் சொல்கிறது. கேட்காமல் விட்டதைப் பின்னால் போட்டு வாங்கலாம், ஆனால் மூன்று வருடம்தான் கெடு. அதற்குப் பிறகு அந்தப் பணம் அரசுக்கே.

இப்போது புரிந்திருக்கும், இந்தப் பணம் இருக்கும் இடத்தில் யார் வந்து கடை போடுவார்கள் என்று. ஜனவரி பிறந்தால் ஏழைகள் வசிக்கும் தெருக்களில்தான் "இன்றே ரீஃபண்ட்" பலகைகள் முளைக்கும். அமெரிக்காவில் முடி வெட்ட லைசென்ஸ் வேண்டும், டாக்ஸ் ஃபாரம் போட்டுக் கொடுக்க ஃபெடரல் லைசென்ஸ் எதுவும் வேண்டாம். பிடின் என்று ஒரு எண் வாங்கினால் போதும். ஐஆர்எஸ் இதற்கு ஒரு தேர்வு வைக்கப் பார்த்தது, சட்டத்தில் உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. நல்ல ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்தை ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்கிறேன் என்பார்கள், கையிலிருந்து எதுவும் போகாததால் எவ்வளவு போனது என்றே பலருக்குத் தெரியாது. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுகிறவரிடமும், ஃபாரத்தில் தன் கையெழுத்தும் எண்ணும் போட மறுக்கிறவரிடமும் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள். அவர் இல்லாத குழந்தையை எழுதி, இல்லாத தொழிலைக் காட்டி ரீஃபண்டை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். மாட்டும்போது நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு போகாது. அலட்சியமாக விதியை மீறியதாக முடிவானால் ஈஐடிசி கேட்கவே இரண்டு வருடத் தடை, மோசடி என்றால் பத்து வருடம்.

எங்கள் மையத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர், கொஞ்சம் அலுப்பான வேலை. வந்ததும் 13614-சி என்று ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். அப்புறம் உட்கார வைத்துப் பேசுவோம். டைப் செய்வது பத்து நிமிஷ வேலை, பேச்சுதான் நேரம் பிடிக்கும். குழந்தை வருடத்தில் பாதிக்கு மேல் யாரோடு இருந்தது? வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள்? கணவர் எப்போது வீட்டை விட்டுப் போனார், ஜூலைக்கு முன்பா பின்பா? பேரனை வளர்க்கும் பாட்டியிடம், "உங்க மகளும் இதே பையனை அவங்க ஃபாரத்துல காட்டியிருக்காங்களாம்மா?" என்று கேட்க வேண்டும். குடும்ப விஷயத்தை மூன்றாம் மனிதனிடம் சொல்வது யாருக்கும் சுலபமில்லை. ஆனால் ரீஃபண்டின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பதில்கள்தான், கம்பெனி கொடுக்கும் டபிள்யூ-2 சம்பளச் சான்றில் இருக்கும் எண்கள் அப்புறம்தான். போட்டு முடித்த ஃபாரத்தை வேறொரு தன்னார்வலர் முதலிலிருந்து சரிபார்த்த பிறகே கையெழுத்துக்குப் போகும். காசு கொடுத்துச் செய்யும் எத்தனை இடத்தில் இந்த இரண்டாவது பார்வை இருக்கிறது? இலவசம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நாங்கள் டிப்ஸ் வாங்கக் கூடாது, எங்கள் சொந்தத் தொழிலுக்கு ஆள் பிடிக்கவும் கூடாது.

நம்மாட்கள் வரும்போது சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "ஊர்ல அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பறேன் அண்ணா, அவங்களை டிபென்டன்ட்டா காட்டலாமா?" முடியாது. இந்தியக் குடிமக்களாக இந்தியாவிலேயே இருக்கும் பெற்றோரை நம்மைச் சார்ந்திருப்பவர்களாகக் காட்ட வழியில்லை. இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்தால் எனக்கே சட்டத்தின் மேல் கோபம் வரும். இன்னொன்று, கணவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும், மனைவிக்கு அது கிடைக்காதவர்களுக்கு ஐஆர்எஸ் கொடுக்கும் ஐடின் எண் மட்டும் இருக்கும், சேர்ந்து ஃபைல் செய்தால் ஈஐடிசி கிடையாது. ஊர் பேங்கில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்ற நம்பிக்கை இன்னொன்று. இங்கே ரெசிடென்ட் ஆகிவிட்டால் அதையும் வருமானத்தில் காட்டியே ஆக வேண்டும்.

மாணவர்கள் விஷயம் தனி. எஃப்-1 விசாவில் வந்தவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு டாக்ஸ் கணக்கில் நான்-ரெசிடென்ட். அவர் போட வேண்டியது நான்-ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர், கூடவே 8843 என்ற ஃபாரம். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 போட வேண்டும். ரூம்மேட் சொன்னான் என்று ஆன்லைனில் சாதாரண 1040 போட்டு, தனக்குத் தகுதியில்லாத கிரெடிட்டை வாங்கிவிட்டு, கிரீன் கார்டு நேரத்தில் பயந்துபோய் வருகிறவர்கள் ஏராளம். இத்தனைக்கும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவால், மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்குக் கிடைக்காத ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இந்திய மாணவர்களுக்குக் கிடைக்கிறது. நேர்வழியிலேயே லாபம் இருக்கும்போது குறுக்குவழி எதற்கு? எல்லா வீட்டா மையங்களும் இந்த ஃபாரத்தைச் செய்யாது, அதற்கெனத் தனித் தேர்வு எழுதிய ஆட்கள் இருக்கும் மையம் வேண்டும். பல்கலைக்கழகங்களில் கேட்டுப் பாருங்கள்.

ஊபர், டோர்டேஷ் ஓட்டுகிறவர்கள் மைல் கணக்கை எழுதி வையுங்கள். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம். நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி 15.3 சதவீதம் வந்து நிற்கும், மைல் கணக்கு இல்லாமல் வருகிறவர்களுக்கு எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. செலவு 35,000 டாலருக்கு மேல் போனாலோ தொழிலில் நஷ்டம் என்றாலோ வீட்டா வரம்பைத் தாண்டிவிடும், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும் பொதுவாக அப்படித்தான்.

பயங்களும் உண்டு. ரீஃபண்ட் வந்தால் ஃபுட் ஸ்டாம்ப் என்ற அரசு உணவு உதவி நின்றுவிடும் என்று ஒரு வதந்தி, எவ்வளவு சொன்னாலும் சாவதில்லை. ஃபெடரல் ரீஃபண்ட் அதற்கு வருமானமாகக் கணக்கில் வராது, பன்னிரண்டு மாதம் வரை சொத்தாகவும் கணக்கில் வராது. இன்னொரு பயத்தை வதந்தி என்று தள்ள முடியாது: 2025 ஏப்ரலில் ஐஆர்எஸ்ஸும் குடியேற்றத் துறையும் தகவல் பகிர்வுக்கு ஒப்பந்தம் போட்டன, அது கோர்ட்டுக்கும் போனது. விசா நிலை சிக்கலாக இருப்பவர்களிடம் "பரவாயில்லை, போடுங்க" என்று தன்னார்வலர் சொல்லிவிடக் கூடாது. முதலில் இமிக்ரேஷன் வக்கீலைப் பார்க்கச் சொல்வதுதான் நியாயம்.

டாக்ஸோடு சேர்த்து மற்ற பண உதவிகளும் பல மையங்களில் நடக்கின்றன. இதில் இப்போது முக்கியமானது பேங்க் கணக்கு. 2025 செப்டம்பர் 30-லிருந்து காகித ரீஃபண்ட் செக்கை ஐஆர்எஸ் படிப்படியாக நிறுத்துகிறது. பேங்க் டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்டிஐசி 2023-ல் எடுத்த கணக்குப்படி நூற்றுக்கு நாலு குடும்பங்களுக்கு பேங்க் கணக்கே இல்லை, இவர்களில் பலர் எங்கள் மேஜைக்கு வருகிறவர்கள்தான். பேங்க் ஆன் (Bank On) என்ற சான்றிதழ் உள்ள கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் அபராதம் இல்லை, மாதக் கட்டணமும் குறைவு, கேட்டு வாங்குங்கள். 8888 என்ற ஃபாரம் போட்டால் ரீஃபண்டை மூன்று கணக்குகள் வரை பிரித்துப் போடலாம், கையில் வருவதற்கு முன்பே கொஞ்சம் சேமிப்புக்குப் போய்விடும். ஆனால் இந்த இடத்தில் சில தன்னார்வலர்கள் செய்யும் பிரசங்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்திருப்பவரிடம் எமர்ஜென்சி ஃபண்ட் பற்றி வகுப்பு எடுத்து என்ன பயன்? அவருக்கு எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். பணம்தான் இல்லை.

அரசே இலவசமாக நேரடி ஃபைலிங் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்தது. டைரக்ட் ஃபைல் என்று 2024-ல் 12 மாநிலங்களில் தொடங்கி 2025-ல் 25 மாநிலங்களுக்கு வந்தது. 2026-க்கு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். இது யாருக்கு லாபம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வர நினைப்பவர்களுக்கு: வருமான வரம்பு 2025 சீசனில் பொதுவாக 67,000 டாலராக இருந்தது, வருடாவருடம் மாறும். அருகிலுள்ள மையத்தை அறிய ஐஆர்எஸ்ஸின் 800-906-9887 எண்ணைக் கூப்பிடலாம், 211 என்ற உள்ளூர் உதவி எண்ணிலும் கேட்கலாம். ஃபோட்டோ ஐடி, வீட்டில் எல்லோருடைய சோஷியல் கார்டு அல்லது ஐடின் கடிதம், டபிள்யூ-2, சம்பளம் தவிர மற்ற வருமானத்துக்கு வரும் 1099-கள், பேங்க் கணக்கு எண், போன வருட ஃபாரம் இருந்தால் அதுவும் எடுத்து வாருங்கள். அரசின் மார்க்கெட்பிளேஸ் வழியாக மருத்துவ இன்ஷூரன்ஸ் வைத்திருந்தால் அதற்கு வரும் 1095-ஏ ஃபாரம் இல்லாமல் வராதீர்கள், அது இல்லாமல் எதுவும் நகராது. ஈஐடிசி உள்ள ரீஃபண்டைப் பிப்ரவரி நடுவுக்கு முன் ஐஆர்எஸ் விடவே கூடாது என்று 2015 சட்டம் சொல்கிறது, அதனால் ஜனவரியிலேயே பணம் தருகிறேன் என்று சொல்பவர் தருவது அநேகமாகக் கடன்தான். ஏப்ரல் முதல் வாரத்தில் எங்களுக்குக் கூட்டம் தாங்காது, பிப்ரவரி கடைசியில் வந்தால் நிதானமாகப் பேசலாம். கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்வதாக இருந்தால் இரண்டு பேரும் வாருங்கள், இருவர் கையெழுத்தும் வேண்டும்.