படம் தயார், பிள்ளைகள் தயார், சாவி மட்டும் மாலை மூன்றரைக்கு

காலை 9.50. எங்கள் சங்கம் நடத்தும் இலவசத் திரைப்படக் காட்சிக்கு மூன்று குழந்தைகள் இல்லங்களிலிருந்து வந்த 140 பிள்ளைகள் இருக்கையில் உட்கார்ந்தாயிற்று. ஆபரேட்டர் அறையிலிருந்து ஆள் வருகிறார்: “கேடிஎம் இன்னும் லைவ் ஆகலீங்க. மூன்றரைக்குத்தான் திறக்கும்னு காட்டுது.”

தியேட்டருக்கென்று பூட்டி அனுப்பப்படும் டிஜிட்டல் பிரதியான டிசிபி பத்து நாளைக்கு முன்பே தியேட்டர் சர்வரில் ஏறிவிட்டது. அதைத் திறக்கும் சாவிக் கோப்பான கேடிஎம்மும் ஆறு நாளைக்கு முன்பே மின்னஞ்சலில் வந்துவிட்டது. நாங்கள் கேட்டது காலை 10 மணி. அனுப்பியவர்களும் 10 மணி என்றுதான் போட்டிருந்தார்கள், ஆனால் கிரீன்விச் கணக்கில். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மாலை 3.30. படத்தின் உரிமையாளர் இருப்பது ஐரோப்பாவில். அங்கே அப்போது விடிகாலை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

இது முழுக்க எங்கள் கவனக்குறைவு. கேடிஎம் ஒரு சின்ன எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை செல்லும் என்று இரண்டு வரி இருக்கும். ஒவ்வொரு நேரத்தின் வாலிலும் +05:30 அல்லது +00:00 என்று ஒட்டியிருக்கும். அந்த வாலைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆறு நாளில் எங்கள் குழுவில் ஒருவரும் பார்க்கவில்லை. கேட்கும்போதே “இந்திய நேரம் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை” என்று எழுதிக் கேளுங்கள். காட்சி பத்து மணிக்கு என்பதற்காகச் சாவியையும் பத்துக்குக் கேட்டால், நேரம் சரியாகவே வந்தாலும் எட்டு மணிக்கு ஓட்டிச் சோதிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கேடிஎம் தியேட்டருக்குப் பொதுவானதல்ல. ஒரு திரையின் சர்வருக்கென்றே செய்யப்படுவது. முந்தின நாள் மானேஜர் “ரெண்டாவது ஸ்கிரீன்ல ஏசி சரியில்ல, முதலாவதுல வெச்சுக்குங்க” என்று நல்ல மனசோடு சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய சாவி வந்து சேராமல் அங்கே படம் ஓடாது. எந்தெந்தத் திரை கைக்கு வரலாமோ அத்தனைக்கும் முதலிலேயே சாவி கேட்டு வாங்கிவிடுவதே நல்லது.

அன்று 10.40க்குப் படம் தொடங்கியது. காப்பாற்றியது ஒரு பென் டிரைவ். வசன எழுத்து (சப்டைட்டில்) படத்தோடு சேர்த்தே பதிக்கப்பட்ட எம்பி4 பிரதி ஒன்றை, அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்ற எழுத்து அனுமதியோடு, முன்பே வாங்கி வைத்திருந்தோம். அந்தத் தியேட்டரின் புரொஜெக்டரில் லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக இணைக்க வசதி இருந்தது. எல்லாத் தியேட்டரிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். அரங்கு பேசும்போதே கேட்டுவிடுங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அந்தப் பதற்றத்தில் அது ஏன் ஏறவில்லை என்று யோசிக்க யாருக்கும் மூளை வேலை செய்யாது.

சாவிக் கதை ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதம் காகிதத்துக்குப் போனது.

வட்டம் இப்படிச் சுற்றும். இல்லத்துக் கண்காணிப்பாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அனுமதிக் கடிதம் கேட்பார். அலகில், படத்தின் பெயர், தணிக்கைச் சான்று, உரிமையாளரின் அனுமதி மூன்றும் கேட்பார்கள். உரிமையாளர், தேதி, அரங்கு, எத்தனை பேர் என்று கேட்பார். அரங்கு, தேதி உறுதியானால் பேசலாம் என்னும். தேதியைச் சொல்ல வேண்டியவர் இல்லத்துக் கண்காணிப்பாளர். அவர் கேட்பது அலகின் கடிதம்.

இந்த வட்டத்தை உரிமையாளர் பக்கம்தான் அறுக்க முடியும். மற்ற எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு இல்லை. ஒரே ஒரு தேதிக்கு அனுமதி கேட்காமல், “இந்த மூன்று மாதத்துக்குள், இந்த மாவட்டத்துக்குள், கட்டணமில்லாத இரண்டு காட்சி, ஒவ்வொன்றிலும் 200 பேருக்கு மிகாமல்” என்று கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் வந்தபிறகு மற்றவை ஒவ்வொன்றாக அசையும். முதல் இரண்டு மாதம் நாங்கள் தலைகீழாக, அலகிலிருந்து தொடங்கி வீணடித்தோம்.

அலகின் அலுவலகத்துக்கு நான்கு நடை. முதல் நடையில், தீர்மான நகலில் சங்கத்தின் முத்திரை இல்லை. இரண்டாவதில் அலுவலர் கேம்ப். மூன்றாவதில், மாற்றலாகிப்போனவரின் பெயருக்கு விண்ணப்பம் எழுதப்பட்டிருந்தது. பெயரை அடித்துத் திருத்தித் தருகிறோம் என்றால் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, “புதுசா டைப் பண்ணிட்டு வாங்க.” பதவிக்கு மட்டும் எழுதுங்கள், ஆளுக்கு எழுதாதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தபால் பிரிவின் பெறுதல் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது நடையில் கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். முத்திரை போட்ட பிரதியை நீட்டியதும் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

விண்ணப்பத்தோடு கூடவே கொடுக்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்று, வருகிற ஒவ்வொரு தன்னார்வலரின் ஆதார் நகல், காவல்துறைச் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்பு விதிகளை ஏற்று ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, வாகனத்தின் தகுதிச் சான்றும் காப்பீடும். காவல்துறைச் சரிபார்ப்பு எங்களுக்கு 19 நாள் எடுத்தது. பன்னிரண்டு பேர் தேவை என்றால் பதினாறு பேருக்கு எடுத்து வையுங்கள். கடைசி நாளில் காய்ச்சல் வந்தவருக்குப் பதிலாகத் தம்பியை அனுப்புகிற வேலை இங்கே நடக்காது, நடக்கவும் கூடாது.

உரிமை விஷயத்தில் மூன்று தவறான நம்பிக்கைகள் ஊரெல்லாம் உலவுகின்றன. முதலாவது, ஓடிடி சந்தா இருந்தால் போட்டுக் காட்டலாம் என்பது. அந்தச் சந்தா வீட்டுக்கு மட்டும். இரண்டாவது, இலவசக் காட்சிக்கு அனுமதி தேவையில்லை என்பது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர் வட்டத்துக்குள் திரையிடுவதற்கு விலக்கு தருகிறது. பள்ளிக்கூடத்துக்குள் நடத்தும்வரை அது உதவும். குழந்தைகள் இல்லமோ ஊர்ச் சாவடியோ தியேட்டரோ கல்வி நிறுவனம் ஆகாது. மூன்றாவது, பழைய படம் என்றால் யாருடையதும் அல்ல என்பது. இந்தியாவில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. மௌனப் படம் என்று துணிந்து எடுத்தால், படத்தின் காலம் முடிந்திருக்கும், பின்னாளில் சேர்த்த இசையின் காலம் முடிந்திருக்காது. அப்படிப்பட்ட படத்துக்கு ஒலியை மூடிவிட்டு, உள்ளூர்க் கலைஞர் ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது சட்டத்துக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

சிறார் படம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கையேடுகள் இன்னும் இந்தியச் சிறுவர் திரைப்படச் சங்கத்துக்கு எழுதச் சொல்கின்றன. 1955இல் தொடங்கிய அந்த அமைப்பு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. கடிதம் கழகத்துக்குப் போக வேண்டும்.

தணிக்கைச் சான்றில் யு இருந்தால் பேச்சே இல்லை. யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இல்லத்தில் எட்டு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே பேருந்தில் வருவதால் கடைசிப் பிள்ளையின் வயதுக்குத்தான் படம் எடுக்க வேண்டும். திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் இருக்கிறோம், எங்களுக்குத் தணிக்கை விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு உறுப்பினர்களுக்கான காட்சிக்கு. இல்லத்துப் பிள்ளைகள் உறுப்பினர்கள் அல்லர்.

இனி நன்கொடையாளர். பேருந்துக்குப் பணம் கொடுத்தவர் பேனரும் புகைப்படக்காரருமாக வந்து நின்றார். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவுப்படி, பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் படம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிடலாமே என்றார். பின்னால் இல்லத்தின் பெயர் எழுதிய பேருந்து நிற்கிறது, முகத்தை மட்டும் மங்கலாக்கி என்ன? இதை வாசலில் வைத்துப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். பணம் வாங்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இப்போது ஆண்டறிக்கையில் நாங்கள் போடுவது, இல்லத்துக் கூடத்தில் நடக்கும் காட்சியின்போது வாசலில் கிடக்கும் செருப்பு வரிசையின் படம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. டிக்கெட் போட்டீர்கள் என்றால் கேளிக்கை வரி, உரிமம் என்று வேறு கதவுகள் திறக்கும். உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் போதும். 80ஜி என்று சொல்லப்படும், நன்கொடையாளருக்கான வருமான வரிச் சலுகை 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குக் கிடையாது. உண்டியலில் 5,000 போட்டுவிட்டு ரசீது கேட்பவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், பாசத்தைப் பார்க்காதீர்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் வங்கி வழியாகத் தன் பணத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் அனுப்பினால் வெளிநாட்டு நிதி. அதற்கான பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்குவது குற்றம். அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு இயக்கமும் அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் வேண்டும். எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு அது எட்டாத உயரம். வந்த பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, அனுப்பியவரின் கோபம் இன்னும் ஆறவில்லை.

பள்ளிக் காட்சிகளில் காகிதத் தொல்லை குறைவு, கம்பித் தொல்லை அதிகம். “அதான் 2022லேர்ந்து துறையே மாசம் ஒரு படம் போடுதே” என்பார் தலைமையாசிரியர். அந்தத் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்துதான். நாங்கள் கேட்பது ஐந்தாம் வகுப்பு வரை என்று சொன்னால் கதவு திறக்கும். ஆனால் அந்த வயதுக்கு வசன எழுத்து உதவாது. படிப்பதற்குள் மாறிவிடும். வசனத்தை ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்பவர் குறைந்தது மூன்று முறை படம் பார்த்திருக்க வேண்டும், சிரிப்பு வரும் இடங்களில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் இசை கேட்டது, மழைச் சத்தம் கேட்டது, வசனம் மட்டும் கேட்கவே இல்லை. படத்தில் கோளாறு என்று நினைத்து அரை மணி நேரம் கோப்பை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கோளாறு செருகியில். லேப்டாப்பின் ஸ்டீரியோ ஒலியைக் கால் இஞ்ச் ஸ்டீரியோ ஜாக்கில் எடுத்து, மைக் செட்டின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகியிருந்தார்கள். அந்த உள்ளீடு இரண்டு கம்பியில் வருவதையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துத்தான் எடுக்கும். வசனம் இடம், வலம் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தால் மிச்சம் பூஜ்யம். இடது சேனலை மட்டும் மோனோ பின்னில் எடுத்துக் கொடுத்ததும் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். உர்ர் என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; பெரும்பாலும் அதுதான்.

வகுப்பறையை முழுக்க இருட்டாக்க முடியாது, ஜன்னலை அடைத்தால் எண்பது பிள்ளைகள் வெந்துபோவார்கள். திரைக்கு அருகிலுள்ள ஜன்னல்களுக்கு மட்டும் இரட்டைக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் படத்தைச் சிறிதாக்குங்கள். 12 அடி அகலத்தை 8 அடியாக்கினால் அதே புரொஜெக்டர் இரண்டேகால் மடங்கு பிரகாசமாகத் தெரியும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால், தரையில் உட்காரும் பிள்ளைகளில் பின்வரிசைக்கு முன்வரிசைத் தலைகள்தான் படமாகத் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள்.

நான்காவது நடையில் வாங்கிய அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தோம், அடுத்த காட்சிக்கும் ஆகும் என்று. எழுத்தர் அதை வாங்கிப் படித்துவிட்டு விரலால் ஒரு வரியைக் காட்டினார்: “மேற்படி தேதிக்கு மட்டும்.” கல்வியாண்டு முழுவதற்கும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்றார். ஜனவரிக் காட்சிக்கு மறுபடி தபால் பிரிவிலிருந்து தொடங்கியாயிற்று.