கால் இன்ச் மட்டும் சின்னதாகவே ஆகாது

ஒருவழியா அந்த நைன் பேட்ச் மினி குவில்ட்ட, அதாவது துண்டு துணிங்கள ஒம்பது ஒம்பது கட்டமா சேர்த்து தைக்கற குட்டி போர்வைய, முடிச்சுட்டேன். முடிச்சுட்டேன்னா, பைண்டிங் (ஓரத்தை மூடற பட்டை) ரெண்டு பக்கம் இன்னும் கைல தைக்க பாக்கி இருக்கு, ஆனா என் கணக்குல அது முடிஞ்ச மாதிரிதான். அக்கா பொண்ணு வந்தா, கைல எடுத்து திருப்பி திருப்பி பார்த்தா, "சித்தி, இது யாருக்கு போர்வை, பூனைக்கா?"ன்னு கேட்டா. பூனைக்கும் பத்தாதுடி, வாலு வெளிய நிக்கும்னேன். அப்போ எதுக்கு தைச்சன்னு அடுத்த கேள்வி. இதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் உருப்படியா பதில் கிடையாது.

நான் மினி பக்கம் வந்ததே சோம்பேறித்தனத்தாலதான். பரண்ல ஒரு டபுள் பெட் சைஸ் குவில்ட் பாதில தூங்குது, மேல்துணி தைச்சு முடிச்சாச்சு, ஆனா அதை பேட்டிங்கோட (நடுவுல வைக்கற பஞ்சு அடுக்கு) சேர்த்து மெஷினுக்குள்ள சுருட்டி திணிச்சு குவில்ட் பண்ணணும்னு நினைச்சாலே தோள்பட்டை இப்பவே வலிக்குது. சரி, சின்னதா ஒண்ணு பண்ணுவோம், ஒரு சனி ஞாயிறுல முடிச்சுரலாம்னு நினைச்சேன். நினைச்சேன், அவ்ளோதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சின்ன குவில்ட் வேற, மினி குவில்ட் வேற. நாலு பெரிய பிளாக்க (துண்டுங்க சேர்த்து தைச்ச ஒரு சதுரம்தான் பிளாக்) ஒட்டி ஒரு டேபிள் மேட் தைச்சா அது சின்ன குவில்ட். மினின்னா பெரிய குவில்ட்ல என்னென்ன இருக்கோ அத்தனையும் அப்படியே சுருங்கி இருக்கணும், பிளாக்கும் சின்னது, பார்டரும் சின்னது, பைண்டிங்கும் சின்னது, போட்டோ எடுத்து காமிச்சா பக்கத்துல ஒரு பென்சில் வெச்சாதான் சைஸ் தெரியணும். போட்டிகள்ல பொதுவா ஒரு பக்கம் 24 இன்ச்சுக்குள்ள இருக்கணும்னு வெச்சிருப்பாங்க, ஆனா பித்து பிடிச்சவங்க 24 வரைக்கும் எல்லாம் போறதில்ல, உள்ளங்கை சைஸ்ல நிக்கிறாங்க.

எல்லாத்தையும் சுருக்கலாம், ஆனா சீம் அலவன்ஸ, அதாவது தையலுக்கு வெளிய ஓரத்துல விடற துணிய, சுருக்க முடியாது. அது கால் இன்ச்னா கால் இன்ச்தான். நாலு இன்ச் கட்டத்துக்கு நாம 4½ இன்ச் வெட்டுவோம், தைச்சப்புறம் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறது துணில அஞ்சுல ஒரு பங்கு, யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஒரு இன்ச் கட்டத்துக்கு 1½ வெட்டணும், இப்போ பாதிக்கு மேல பின்னாடி போயிடுது. அரை இன்ச் கட்டம்னா ஒரு இன்ச் வெட்டணும், நாலுல மூணு பங்கு துணி பின்பக்கம்! கண்ணுக்கு தெரியறது கால்வாசிதான். அந்த அரை இன்ச்சுக்கு பின்னாடி ரெண்டு பக்கத்துல இருந்தும் கால் கால் இன்ச் மடிஞ்சு வந்து நடுவுல முட்டிக்கும், மூலைகள்ல அடுக்கு மேல அடுக்கு, தடவி பார்த்தா துணி மாதிரியே இருக்காது, அட்டை மாதிரி நிக்கும். அதுக்குத்தான் தைச்சு முடிச்சு, அளந்து, சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அந்த கால் இன்ச்ச அரைக்கால் இன்ச்சா நறுக்கி விடறது. முதல்லயே அரைக்கால் இன்ச்ல தைச்சா என்னன்னு நானும் கேட்டவதான், தைச்சும் பார்த்தேன், மெஷின் பல்லுக்கு பிடிமானமே கிடைக்காம துணி கோணிக்கிட்டு ஓடுது. கால் இன்ச்ல தைச்சுட்டு நறுக்கறதுதான் வழி.

இப்போ என் நைன் பேட்ச் கதைக்கு வரேன். டிசைன் ரொம்ப சாதாரணம், அஞ்சுக்கு அஞ்சு, மொத்தம் 25 பிளாக், அதுல 13 நைன் பேட்ச், ஒத்தை துண்டா இருக்கற வெத்து கட்டம் 12, மாத்தி மாத்தி. ஒவ்வொரு பிளாக்கும் தைச்சு முடிச்சப்புறம் மூணு இன்ச், மொத்தம் 15 இன்ச் சதுரம். நைன் பேட்ச்சுக்கு மட்டும் 117 குட்டி கட்டம். இதை பட்டை பட்டையா வெட்டி, மூணு மூணா நீளத்துக்கு தைச்சு, அப்புறம் குறுக்க வெட்டினா அரை நாள்ல வேலை முடிஞ்சிருக்கும், அது எனக்கு தெரியும், ஆனா என் டப்பால இருந்ததெல்லாம் கைக்குட்டையில பாதி அளவு பிட்டு துணிங்க, அதை தீர்க்கணும்னு ஒரு வீம்பு. அதனால 117-ஐயும் ஒவ்வொண்ணா வெட்டினேன். ஒவ்வொரு பிட்டையும் பார்க்கும்போது இது அந்த டிரெஸ்ஸோட மிச்சம், இது அந்த தலையணை உறையோட மிச்சம்னு ஞாபகம் வந்துகிட்டே இருக்கும், அது ஒரு சுகம்தான், ஒத்துக்கறேன்.

13 நைன் பேட்ச்சையும் தைச்சு அயர்ன் பண்ணி அடுக்கி வெச்சு, அடேயப்பா எவ்ளோ அழகுன்னு பார்த்துட்டு, ஒரு வெத்து கட்டத்தை எடுத்து பக்கத்துல வெச்சேன். வெத்து கட்டம் 3½ இன்ச். நைன் பேட்ச்சும் அதே 3½ இருக்கணும். அது 3⅜ தான் இருக்கு. அரைக்கால் இன்ச் காணோம். சரி ஏதோ ஒண்ணு தப்பா போச்சுன்னு அடுத்ததை எடுத்தா அதுவும் 3⅜. பதிமூணும் 3⅜. தப்புல கூட இவ்ளோ ஒழுங்கான்னு சிரிப்புதான் வந்துச்சு, சிரிப்பு வர கொஞ்ச நேரமாச்சு.

காரணம் தேடினா, மெஷின்ல துணிய அமுக்கி பிடிக்கற ஃபுட்டோட ஓரத்தை நம்பினது. ஃபுட் ஓரம்தான் கால் இன்ச்னு நானே முடிவு பண்ணிட்டேன், அது கால் இன்ச்சுக்கு ஒரு நூல் அதிகம், முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். ஒரு தையல்ல ரெண்டு துணி, ரெண்டுலயும் அந்த முக்கால், அப்போ ஒண்ணரை மில்லிமீட்டர் போச்சு, ஒரு பிளாக்குக்கு குறுக்க ரெண்டு தையல், மூணு மில்லிமீட்டர் போச்சு, அதான் காணாம போன அரைக்கால் இன்ச். இதே தப்ப பெரிய குவில்ட்ல வருஷக்கணக்கா பண்ணிட்டு இருந்திருக்கேன், பன்னெண்டு இன்ச் பிளாக்ல ஒரு நூல் போனா துணிய லேசா இழுத்து சமாளிச்சிடலாம், மினி இழுத்தா வராது, உடனே காட்டிக்குடுக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, சரியா கால் இன்ச்ல தைச்சா கூட கொஞ்சம் குறையும், ஏன்னா துணி மடங்குற இடத்துல அந்த மடிப்பே ஒரு நூல் அளவு தின்னுடும். அதனால கால் இன்ச்சுக்கு ஒரு நூல் கம்மியாவே தைக்கணும். டெஸ்ட் பண்றது சுலபம், 1½ இன்ச் பட்டை மூணு எடுத்து பக்கத்துல பக்கத்துல தைச்சு அயர்ன் பண்ணிட்டு நடு பட்டைய அளந்தா கரெக்டா ஒரு இன்ச் இருக்கணும், இல்லன்னா ஊசிய நகர்த்தணும், இல்ல மெஷின் தட்டுல மாஸ்கிங் டேப்ப நாலஞ்சு அடுக்கா ஒட்டி துணிக்கு ஒரு சுவர் கட்டணும். நான் சுவர் கட்டிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை, இதை முதல் நாளே செஞ்சிருந்தா இந்த போஸ்ட்டே கிடையாது.

சரி, 13 பிளாக்கையும் பிரிச்சேனா? மாட்டேன். தையல் பிரிக்கற சீம் ரிப்பர தேடி எடுத்தேன், பார்த்தேன், திரும்ப வெச்சிட்டேன். எல்லாமே ஒரே அளவு தப்பா இருக்கறதால வெத்து கட்டம் பன்னெண்டையும் 3⅜-ஆ நறுக்கிட்டு, சேர்க்கறப்போ பழைய தப்பு ஃபுட் ஓரத்துலயே தைச்சேன், சுவர தற்காலிகமா பிச்சு எடுத்துட்டு! 15 இன்ச் வர வேண்டியது 14 சொச்சம் வந்துச்சு, மூலைக்கு மூலை அச்சு மாதிரி பொருந்துச்சு. மினில எத்தனை இன்ச்ங்கறது முக்கியமில்ல, எல்லாம் ஒரே மாதிரி இருக்கறதுதான் முக்கியம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சமாளிப்புதான், ஆனா உண்மையும் கூட.

அடுத்த தலைவலி, மெஷின் துணிய முழுங்கறது. ஒண்ணரை இன்ச் கட்டத்தோட ஓரத்துல ஊசி முதல் குத்து குத்தும்போது, கீழ தட்டுல இருக்கற ஓட்டை ஜிக்ஜாக்குக்காக அகலமா இருக்கும் பாருங்க, அந்த மூலைய ஊசி அப்படியே உள்ள தள்ளிட்டு போயிடும், 'கடக்'னு ஒரு சத்தம், சக்கரம் சுத்தாது, துணிய தூக்கினா கீழ பாபின் பக்கம் குருவிக்கூடு மாதிரி நூல். கத்தரிச்சு எடுத்தா அந்த மூலை பிசிறு பிசிறா, கட்டம் குப்பைக்கு. இதுக்கு ஒரே ஓட்டை இருக்கற நேர் தையல் தட்டு தனியா கிடைக்கும், போட்டா பிரச்சனை பாதி தீந்துச்சு, ஆனா அதை போட்டுட்டு மறந்துபோய் ஜிக்ஜாக் வெச்சா ஊசி தட்டுல மோதி உடையும், எனக்கு எப்படி தெரியும்னு கேக்காதீங்க. மீதி பாதிக்கு ஒரு வேஸ்ட் பிட்டு துணிய முதல்ல தைச்சு, நூலை அறுக்காம அதுக்கு பின்னாடியே நம்ம கட்டத்தை விடறது. அந்த பிட்டு மேல தையல் மேல தையலா ஏறி ஏறி அது கரப்பான்பூச்சி மீசை மாதிரி ஆயிடும், ஆனா நல்ல வேலைக்காரன், தூக்கி போட மனசு வராது. தையல் நீளத்தையும் வழக்கமான 2.5 மில்லிமீட்டர்ல இருந்து 2 இல்ல 1.8-க்கு இறக்கிட்டேன், இல்லன்னா இத்தனூண்டு துண்டு ஓரத்துல பிரிஞ்சுக்கும். ஊசி 70, நூல் 50 நம்பர் காட்டன், இதுக்கு மேல தடியா போனா அந்த தடிமனும் அளவ தின்னும்.

அயர்ன் விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு. தேய்க்க கூடாது, வெச்சு எடுக்கணும். சட்டைக்கு தேய்க்கற மாதிரி இழுத்தா ஒரு இன்ச் கட்டம் நாலு பக்கமும் நாலு விதமா நீளும், கிராஸா வெட்டின முக்கோணம்னா கேக்கவே வேணாம், ரப்பர்தான். வெட்டறதுக்கு முன்னாடியே துணிக்கு கஞ்சி போட்டு விறைப்பாக்கிட்டா பாதி சண்டை அங்கயே முடிஞ்சுது. நைன் பேட்ச்ல எல்லா மடிப்பையும் டார்க் துணி பக்கமே சாய்ச்சு விட்டா, வரிசைகளை சேர்க்கும்போது ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம்னு தானா கோர்த்துக்கும், விரல் நுனில தடவினாலே மூலை சேர்ந்துடுச்சான்னு தெரியும். அந்த 'டிக்'னு உக்கார்ற உணர்வு இருக்கே, அதுக்காகவே இன்னொரு மினி தைக்கலாம்.

துணி தேர்வு பத்தி ஒரு வார்த்தை. பெரிய பெரிய பூ போட்ட துணி மினிக்கு ஆகாது, ஒரு இன்ச்சுக்குள்ள அந்த பூவோட ஒரு இதழ் கூட முழுசா வராது, ஒரு கட்டத்துல சிவப்பு, அடுத்த கட்டத்துல வெறும் பச்சைன்னு வந்து டிசைனே தெரியாம போயிடும். குட்டி குட்டி பிரிண்ட், புள்ளி, பிளெயின், இதுதான் கை கொடுக்கும். வெட்டறதுக்கு முன்னாடி போன்ல பிளாக் அண்ட் ஒயிட்டா ஒரு போட்டோ எடுத்து பாருங்க, கண்ணுக்கு வேற வேற கலரா தெரிஞ்ச ரெண்டு துணி அதுல ஒரே சாம்பலா தெரிஞ்சா ஒண்ண மாத்திடுங்க.

கூரான நட்சத்திரம், முக்கோணம் எல்லாம் வேணும்னா பேப்பர் மேல வெச்சு தைக்கறதுதான் வழி. கோடு போட்ட பேப்பர், அதோட பின்பக்கம் துணி, கோட்டு மேலயே தையல், 1.5 நீளத்துல. கோணலா வெட்டின துணியா இருந்தாலும் கோடு நேரா இருக்கறதால முனை ஊசி மாதிரி வரும், ரெண்டு இன்ச் நட்சத்திரம் கூட வரும். ஆனா டிசைன் கண்ணாடில பார்க்கற மாதிரி திரும்பி வரும், இதை மறந்து ஒரு வீடு தைச்சேன், கதவு வலது பக்கத்துக்கு குடிபோயிடுச்சு. கடைசில பேப்பர கிழிச்சு எடுக்கறது தனி வேலை, இடுக்கிய வெச்சுக்கிட்டு மீன் முள்ளு எடுக்கற மாதிரி உக்காரணும், நான் அதுக்குன்னே ஒரு சீரியல் வெச்சிருக்கேன். அந்த 1.5 தையல தப்பா போட்டு பிரிக்க வேண்டி வந்தா மட்டும் பிரிக்காதீங்க, புதுசா தைங்க.

இதெல்லாம் ஏதோ இப்ப வந்த ஃபேஷன்னு நினைச்சிருந்தேன். 19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்கால பொம்மை கட்டிலுக்கு போர்த்தற குட்டி குவில்ட் நிறைய தைச்சிருக்காங்க, சின்ன பொண்ணுங்க தையல் பழகறதே நாலு கட்டம், ஒம்பது கட்டம் சேர்த்துதான். நாம இன்னிக்கு பீட்ஸா வெட்டற மாதிரி உருட்டற ரோட்டரி கட்டர் ஓல்ஃபா கம்பெனி 1979-ல கொண்டு வந்ததுதான், அதுக்கு முன்னாடி அட்டைய வெச்சு பென்சில்ல வரைஞ்சு கத்தரிக்கோல்ல வெட்டினவங்க. மாஸ்கிங் டேப் சுவர் கட்டியும் புலம்பற நான், அந்த பழைய குட்டி குவில்ட் போட்டோவ எல்லாம் பெருசாக்கி மூலை சேர்ந்திருக்கான்னு பார்த்தேன். பல இடத்துல சேரல. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

பேட்டிங்க பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, மெல்லிசா இருக்கணும், அவ்ளோதான். புசுபுசுன்னு வெச்சா மினி குவில்ட் தலகாணி ஆயிடும். நான் இதுல பழைய ஃபிளானல் துணிய வெச்சேன், சப்பையா தொங்குது, நல்லாருக்கு. பைண்டிங்குக்கு வழக்கமா வெட்டற 2½ இன்ச் பட்டைய மடிச்சு வெச்சா ஓரம் தடியா, படத்தை விட ஃபிரேம் பெருசா தெரியும், அதனால ஒரு இன்ச் பட்டை, மடிக்காம ஒத்தையா. பின்பக்கம் திருப்பி கைல ஹெம்மிங்.

மாட்டறதுக்கு ஒரு ஐடியா, இதை ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன். பைண்டிங் போடறதுக்கு முன்னாடி மூணு இன்ச் கட்டம் ரெண்டு எடுத்து மூலைக்கு மூலை மடிச்சு முக்கோணமாக்கி, பின்பக்கம் மேல் ரெண்டு மூலைலயும் வெச்சு சேர்த்து தைச்சுடணும். ரெண்டு குட்டி பாக்கெட் மாதிரி ஆயிடும், அதுல ஒரு மெல்லிசு குச்சிய அளவா வெட்டி செருகினா குவில்ட் நேரா நிக்கும், சுவத்துல ஒரே ஒரு ஆணி போதும்.

நானும் அதை பண்ணி, குச்சி வெட்டி, ஆணியும் அடிச்சாச்சு. நேத்து பார்த்தா குவில்ட்ட காணோம், பைண்டிங் தைக்கற ஊசி மட்டும் மேஜை மேல இருக்கு. தேடிட்டு போனா அக்கா பொண்ணு ஷூ டப்பால ஒரு பொம்மைய படுக்க வெச்சு கழுத்து வரைக்கும் போர்த்தி விட்டிருக்கா, பைண்டிங் தைச்சு முடிக்காத ரெண்டு பக்கமும் பிசிறு நீட்டிக்கிட்டு. ஆணில இப்போதைக்கு சாவி தொங்குது.