பட்டியலில் என் பெயர் இல்லை

நான் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வழக்கம்போல ஒரு பக்கவாத நோயாளியைப் பார்க்கப் போனேன், படுக்கை காலி. "டிபின்னு ரிசல்ட் வந்து நேத்தே தனி அறைக்கு மாத்திட்டாங்களே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார் நர்ஸ். சொல்லவில்லை. புரையேறி வந்த நிமோனியா என்று நினைத்து 9 நாள், தினம் 40 நிமிடம், அவர் நெஞ்சைத் தட்டி, "இன்னும் பலமா இருமுங்க" என்று கேட்டுக் கேட்டு இருமவைத்தது நான். முகத்தில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்தான், காற்றில் மிதக்கும் காசநோய்க் கிருமிக்கு அதன் ஓரத்து இடைவெளியே போதும்.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது: தொடர்பில் இருந்தவர்கள் பட்டியலை வார்டு டூட்டி ரோஸ்டரை வைத்து எடுத்திருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டுகள் நாங்கள் எந்த வார்டு ரோஸ்டரிலும் இல்லையே, ஐந்தாறு வார்டு சுற்றுகிறவர்கள்! ஸ்பீச் தெரபிஸ்ட்டும் விடுபட்டிருந்தார், விழுங்கும் பயிற்சிக்காக நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தவர். சரி என்று என் சிகிச்சைக் குறிப்பேட்டைப் பிரித்து, தேதி, நேரம், கூட யார் நின்றார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை குழப்பலாம் என்பதால் ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ். நிம்மதியாக எழுந்தேன், மருத்துவர் உட்காரச் சொன்னார். இது பழைய நிலவரம்தானாம், இப்போது தொற்றியிருந்தால் தெரிய 8 முதல் 10 வாரம் ஆகும். அந்த வாரங்கள்தான் கொடுமை. தொண்டை கமறினால் பயம், எடை மெஷினைக் கண்டால் பயம், இரவில் வியர்த்தால் எழுந்து உட்கார்ந்து ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பேன்.

இரண்டாவது பரிசோதனை பாசிட்டிவ். எக்ஸ்ரே சுத்தம், அறிகுறியும் இல்லை. அதாவது கிருமி உள்ளே உறங்குகிறது, என்னிடமிருந்து யாருக்கும் பரவாது, வேலைக்குப் போகலாம். இதை வீட்டில் புரியவைக்கத்தான் படாதபாடு பட்டேன், தனித்தட்டு வரை பேச்சு வந்தது.

மாத்திரை ரிஃபாம்பிசின், தினமும் வெறும் வயிற்றில், 4 மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் முதல் நாள் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைத்துவிடும் என்பதை நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், பெண்கள் மறக்காமல் கேளுங்கள். நடுவில் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, பிரச்சினை ஒன்றும் இல்லை.

முடித்துவிட்டேன். இனி ஐஜிஆர்ஏ திரும்ப எடுக்க வேண்டாமாம், குணமானாலும் பாசிட்டிவ் என்றே காட்டலாம் என்பதால். எக்ஸ்ரே, மாத்திரை முடித்த சான்று இரண்டையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வேலையில் சேரும்போது கேட்பார்கள்.