கார் போகாத நெடுஞ்சாலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரான் ஏரியில் மேக்கினா என்றொரு சின்னத் தீவு. அதன் கரையை ஒட்டியே ஒரு மாநில நெடுஞ்சாலை சுற்றி வருகிறது. பெயர் எம்-185. மொத்தம் 13 கிலோமீட்டர்தான். அந்தச் சாலையில் கார் போகக் கூடாது!

போன கோடையில் வாடகை சைக்கிளில் முழுச் சுற்றும் வந்தேன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரித் தண்ணீர், மறுபக்கம் காடு. காதில் விழுந்தது குதிரைக் குளம்பொலி மட்டும்தான். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

1898-இல் முதல் கார்களின் சத்தத்தில் வண்டிக் குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் முறையிட, ஊர்மன்றம் மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டது. சில ஆண்டுகளில் தீவின் பெரும்பகுதியாக இருக்கும் மாநிலப் பூங்காவும் அதையே செய்தது. 1933-இல் இந்தச் சாலை மாநில நெடுஞ்சாலை ஆனது. அப்போதும் தடை நீங்கவில்லை. அமெரிக்கா முழுவதும் கார் வாங்கிக் குவித்த காலத்தில் இந்தச் சின்ன ஊர் அசைந்து கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனியில் ஓடும் மோட்டார் வண்டியும் ஓடும். மற்றபடி குப்பை அள்ளுவதுகூடக் குதிரை வண்டியில்தான்.

அப்புறம், 2019, 2020-இல் ஏரி நீர்மட்டம் ஏறி, அலைகள் சாலையைப் பல இடங்களில் அரித்துவிட்டன. பிறகு கரையில் பாறை அடுக்கிச் செப்பனிட்டார்கள். அந்தப் பாறைகளில் ஒன்றில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாட்டை முடித்தேன்.